சொந்த மைக், வாடகைப் பெட்டி: மட்டக்களப்பு, அம்பாறை இசைக்குழுக்கள் முதலில் எதில் பணம் போடுவது?

மாமாங்கத்துத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், திருக்கோவில் ஆடி அமாவாசை என்று திருவிழாக் காலம் முழுக்க மேடைக்குக் குறைவில்லை. அது முடிந்தால் கலியாணம், பாடசாலை ஆண்டு விழா, பாசிக்குடா ஹோட்டல் நிகழ்ச்சி, மார்கழியில் ஒளிவிழா. இரண்டு மூன்று பருவம் மேடை ஏறிய ஒவ்வொரு குழுவும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும்: சேர்ந்திருக்கிற காசுக்கு ஒரு வயர்லெஸ் செட் எடுப்பதா, நல்ல வயர் மைக் மூன்று எடுப்பதா, இல்லை ஒரேயடியாகச் சொந்த சவுண்ட் போடுவதா?

எங்கள் முடிவு இது. பாடகரின் வாய்க்கு நேரே இருக்கும் ஒலிவாங்கியும் அதன் வயரும் குழுவின் சொந்தமாக இருக்க வேண்டும். பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாடகைக்கு வரட்டும். வயர்லெஸ் வேண்டுமானால் ஒன்று போதும், அதுவும் வயர் மைக்குகள் வாங்கிய பிறகு. இந்த வரிசை பொருந்தாத குழுக்களும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறோம்.

எதை வைத்து அளப்பது

கடையில் மைக்கைப் பிடித்து "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தால் எல்லா மைக்கும் நல்ல மைக்தான். மேடையில் வேறுபாடு தெரியும் இடங்கள் இவை.

முதலாவது, கூவாமல் எவ்வளவு சத்தம் எடுக்கலாம் என்பது. பெட்டியில் இருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, சுற்றிச் சுற்றி வருவதால்தான் மைக் கூவுகிறது. எங்கள் ஊர் மேடைகளில் பெட்டி மேடைக்குப் பக்கத்திலேயே நிற்கும், மேலே தகரம், பின்னால் சீமெந்துச் சுவர். ஆகவே மற்ற எல்லாவற்றையும் விட இதுவே பெரிய அளவுகோல். ஒரு கணக்கை மனதில் வைத்திருங்கள்: திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவுவதற்கு முன் கிடைக்கும் இடைவெளியில் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும். ஒரு மைக்கில் இருந்து எட்டுக்குப் போனால் 9 டெசிபல் நட்டம். பாடாத நேரத்தில் மைக்கை மிக்சரில் மூடச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, கரண்ட். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். நடுப்பாட்டில் கரண்ட் போய் வந்தால் எது உடனே வேலை செய்யும், எது மறுபடி கண் திறக்க நேரம் எடுக்கும்?

மூன்றாவது, உப்பும் வியர்வையும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் பிளக்கின் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்க ஒரு மாரி போதும்.

நான்காவது, பழுதானால் எங்கே திருத்துவது. மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ அன்றைக்கே திருத்த முடிகிற பொருளும், கொழும்புக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருளும் ஒரே விலையாக இருந்தாலும் ஒன்றாகாது.

ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவு: வயர், ஸ்டாண்ட், பெட்டரி, பெட்டி ஏற்றும் வாகனம். பாடகர் அசைந்து திரிய வேண்டுமா என்பது கடைசியாகப் பார்க்க வேண்டியது. பெரும்பாலான குழுக்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

உண்மையில் எத்தனை மைக் வேண்டும்

கீபோர்ட், ஒக்டபேட், பேஸ் கிட்டார் மூன்றுக்கும் மைக் தேவையில்லை. அவை நேரே மிக்சருக்குப் போகும், இடையில் ஒரு டி.ஐ. பொக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பாடகர், ஒரு பின்பாட்டு, தபேலாவுக்கு இரண்டு, லீட் கிட்டார் அம்ப்புக்கு ஒன்று என்று கூட்டினால் ஆறு. இதில் தரம் கட்டாயமாக வேண்டியவை குரலுக்கான மூன்றும்தான். மற்ற மூன்றும் வாடகைக்காரரிடம் இருந்து வந்தாலும் நிகழ்ச்சி கெட்டுப்போகாது.

வயர் டைனமிக் மைக்

டைனமிக் மைக்குக்குள் ஒரு மெல்லிய சவ்வு, அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், ஒரு காந்தம். சவ்வு அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பெட்டரியும் வேண்டாம், வெளிக் கரண்டும் வேண்டாம். ஈரக் காற்றும் வியர்வையும் இதை எளிதில் மடக்க முடியாததற்குக் காரணமும் இந்த எளிமைதான்.

உலகம் முழுக்க மேடைகளில் அளவுகோலாக இருப்பது 1966இல் வந்த ஷூர் எஸ்.எம்.58. எடை 298 கிராம், கேட்கும் வீச்சு 50 முதல் 15,000 ஹேர்ட்ஸ். வெளிநாட்டு விலை ஏறத்தாழ 100 டொலர். அதே வரிசையில் சென்ஹைசர் இ835. கையில் காசு குறைவென்றால் பெரிங்கர் எக்ஸ்.எம்.8500 அதன் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். கையில் பிடிக்கும்போது வரும் சத்தம் இதில் கூடுதலாகக் கேட்கும், ஆனால் ஸ்டாண்டில் வைத்துப் பாடும் பின்பாட்டுக்காரருக்குத் தாராளமாகப் போதும். தபேலா, டோலக், கிட்டார் அம்ப்புக்கு எஸ்.எம்.57. அது 58ஐ விட ஒரு வயது மூத்தது, முன்னால் உருண்டை வலை இல்லாததால் தோலுக்கு அருகில் கொண்டுபோக முடியும்.

இங்கே ஒரு உள்-தெரிவு இருக்கிறது. எஸ்.எம்.58, இ835 போன்றவை கார்டியொயிட் வகை. மைக்கின் வால் பக்கம், அதாவது நேர் பின்னால் வரும் சத்தத்தைத்தான் இவை மிகக் குறைவாகக் கேட்கும். பீட்டா 58ஏ, சென்ஹைசர் இ845 போன்றவை சூப்பர்கார்டியொயிட். இவை முன்பக்கம் இன்னும் ஒடுக்கமாகக் கேட்கும். மிகக் குறைவாகக் கேட்கும் இடம் இவற்றுக்கு நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்தில் இருந்து அளந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய 125 பாகையில் இருக்கிறது. நேர் பின்னால் கொஞ்சம் காதும் உண்டு.

இதனால் மொனிட்டர் பெட்டி, அதாவது பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் பெட்டி, நிற்கும் இடம் மாறும். கார்டியொயிட் மைக் என்றால் மொனிட்டர் பாடகருக்கு நேர் முன்னால், மைக்கின் வால் அதைப் பார்த்தபடி. சூப்பர்கார்டியொயிட் என்றால் மொனிட்டர் சற்று விலகி இடப்புறமோ வலப்புறமோ. விலை கூடிய சூப்பர்கார்டியொயிட் மைக்கை வாங்கி, மொனிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, "இது 58ஐ விடக் கூவுது" என்று குறைப்படுவது அடிக்கடி நடக்கிறது. வாடகைக்காரர் எங்கே வைக்கிறாரோ அங்கேதான் மொனிட்டர் என்ற நிலையில் இருக்கும் குழுவுக்குக் கார்டியொயிட்டே பாதுகாப்பு. மொனிட்டரை நீங்களே நகர்த்தலாம், பக்கத்தில் ட்ரம்ஸோ தவிலோ உரக்க அடிக்கிறது என்றால் சூப்பர்கார்டியொயிட் அதன் விலைக்கு வேலை செய்யும்.

எந்த வகையானாலும் பிடிக்கும் விதம் பிழைத்தால் எல்லாம் போச்சு. வலையைக் கையால் பொத்திப் பிடித்தால், பின்னால் வரும் சத்தத்தை வெட்டுவதற்காக மைக்கில் விட்டிருக்கும் துவாரங்கள் அடைபடும். அப்போது அது எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காக மாறி உடனே கூவும். தூரமும் அப்படித்தான்: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 5 சென்ரிமீற்றரில் இருந்து 20க்கு இழுத்தால் 12 டெசிபல். அதை ஈடுகட்ட மிக்சர்காரர் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றுவார், மைக் கூவும், பழி மைக்குக்கு வரும். வாய்க்கு அருகில் பாடும்போது அடித்தொனி வீங்கும் என்பதும் உண்மை. அதற்கு மிக்சரில் 80 அல்லது 100 ஹேர்ட்ஸில் இருக்கும், அடித்தொனியை வெட்டும் லோ-கட் பட்டனை அழுத்தினால் போதும்.

*மறைந்திருக்கும் செலவு.* வயர்தான். மலிவு மைக்கோடு பெட்டிக்குள் வரும் வயரின் ஒரு முனையில் பெரும்பாலும் கிட்டார் பிளக் மாதிரி ஒற்றை முனைப் பிளக் இருக்கும். ஐந்தாறு மீற்றர் தாண்டினால் அது 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை இழுத்து வரும். இரு முனையிலும் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். உள்ள வயரை வாங்குங்கள்: முன்வரிசைக்கு 6 மீற்றரில் இரண்டு, பின்வரிசைக்கு 10 மீற்றரில் இரண்டு, எப்போதும் ஒன்று உபரியாக. பின் 1 உறைக் கம்பி, 2 நேர், 3 எதிர். இந்த மூன்றும் தெரிந்தால் எந்த ரேடியோ திருத்தும் கடையிலும் ஈயம் வைத்துக்கொள்ளலாம். முழங்கையில் சுற்றும் பழக்கம் வயரின் உள்ளிருக்கும் இழையை முறுக்கி அறுத்துவிடும். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று உட்புறமாகத் திருப்பி, இரண்டு சாண் வட்டத்தில் சுற்றுங்கள். ஸ்டாண்ட் ஒவ்வொன்றும் ஒரு மலிவு மைக்கின் விலை வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

*போலி.* எஸ்.எம்.58க்குப் போலி ஏராளம். பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சு அசலாக இருக்கும். சமையல் தராசில் வைத்துப் பாருங்கள், 298 கிராமுக்கு நன்றாகக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். அசல் ஒன்றை இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே கெயினில் போட்டு, உடலை விரலால் தட்டிக் கேளுங்கள். அசலுக்குள் இருக்கும் காற்று மெத்தை தட்டலை விழுங்கும், போலியில் டொம் டொம் என்று பெட்டியில் கேட்கும்.

*பராமரிப்பு.* நிகழ்ச்சி முடிந்ததும் வலையைத் திருகிக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் உள்ளிருக்கும் பஞ்சோடு கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். மைக் உடலில் தண்ணீர் படக்கூடாது. நனைந்த மைக்கை அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூசு உள்ளே போகும். மூடியிறுக்கும் பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை நாலைந்து போட்டு வைத்தால் மாரியைத் தாண்டும். எஸ்.எம்.58இன் உள் தலையைத் தனியாக வாங்கி மாற்றலாம், ஆகவே அது விழுந்து கெட்டாலும் முழு மைக்கும் நட்டமாகாது.

*இதில் பிழைக்கக்கூடிய ஒன்று.* கிட்டார் அம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறொரு லைனிலும் இருந்து, எர்த் சரியில்லாவிட்டால், கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டதும் கரண்ட் அடிக்கும். மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்தில் இருந்து, எர்த் உள்ள லைன் எடுங்கள், ட்ரிப் சுவிட்ச் ஊடாக. 230 வோல்ற், விளையாட்டில்லை. இரைச்சல் போக வேண்டுமென்று எர்த் பின்னை வெட்டுகிற ஆளை மேடைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். இரைச்சலுக்கு டி.ஐ. பொக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிப்ட் சுவிட்ச் இருக்கிறது.

*எப்போது இதுவே சரி:* ஸ்டாண்டில் நின்று பாடும் எந்தக் குழுவுக்கும். ஜெனரேட்டர் மேடைக்கு. ஒரே நாளில் காரைதீவில் ஒன்று, களுவாஞ்சிகுடியில் ஒன்று என்று ஓடும் குழுவுக்கு.

வயர்லெஸ் கை மைக்

பைலா தொடங்கியதும் பாடகர் சனத்துக்குள் இறங்க வேண்டும், மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் மைக்கைக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வயர்லெஸுக்கு நிகர் எதுவுமில்லை. மேலே சொன்ன உதட்டுக் கரண்ட் ஆபத்தும் இதில் கிடையாது. ஆனால் நல்ல பெயருள்ள ஒரு செட், அதே தலையுள்ள வயர் மைக்கைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. வயர் மைக்கின் விலைக்கே இரண்டு மைக் உள்ள செட் கிடைத்தால், குறைந்தது குரல் தரத்திலா, அலை பிடிக்கும் தரத்திலா என்பதை மேடையில்தான் அறிவீர்கள்.

பெரிய சிக்கல் அலைவரிசை. மலிவு செட்டுகள் பலவற்றில் அலைவரிசை மாற்ற முடியாது. ஒரே கடையில், ஒரே மொடலை, இரண்டு குழு வாங்கினால் இரண்டும் ஒரே அலையில் வேலை செய்யும். திருவிழா நாளில் பக்கத்து மடத்தின் அறிவிப்பு உங்கள் பெட்டியில் கேட்பது இப்படித்தான். நான்கு மைக்கை ஒன்றாகப் போட்டால் இன்னொரு தொல்லை: இரண்டு அலைகள் கலந்து மூன்றாவது அலையைப் பிறப்பிக்கும், முதல் அலையின் இரு மடங்கில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் வரும் இடத்தில். மூன்றாவது மைக் அங்கேயே இருந்தால் கரகரக்கும். ஆகவே அலைவரிசையைத் தெரிவு செய்யக்கூடிய, இரண்டு ஏரியல் மாறி மாறிக் கேட்கும் டைவர்சிற்றி வகையை மட்டும் பாருங்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் செட்டுகள் மலிவு, சிறியவை, ஹோட்டல் அறைக்குள் அழகாக வேலை செய்யும். வைபையும் புளூடூத்தும் ஓடுவது அதே அலையில்தான். ஐந்நூறு பேர் போனோடு நிற்கும் மைதானத்தில் அதை நம்ப வேண்டாம். உங்கள் டிஜிட்டல் மிக்சரை டப்லெட்டில் வைபை ஊடாக இயக்குகிறீர்கள் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பும் பழைய செட்டையும் கவனித்து வாங்குங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹேர்ட்ஸ் மைக்குகள் 2010இலும், 600 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் பெரும்பாலானவை 2020இலும் தடை செய்யப்பட்டன, அந்த அலைகள் கைத்தொலைபேசிச் சேவைக்குப் போய்விட்டன. அங்கே பாவிக்க முடியாதவை இணையத்தில் மலிவாக விற்கப்படுகின்றன. இலங்கையில் ரேடியோ அலை விடும் கருவிகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கீழ் வருபவை. அனுமதி பெற்ற மொடலா என்று கடையில் கேட்பது உங்கள் உரிமை.

*மறைந்திருக்கும் செலவு.* கை மைக் ஒன்றுக்குப் பொதுவாக இரண்டு ஏஏ பெட்டரி. இரண்டு மைக், வருடத்தில் 60 நிகழ்ச்சி என்றால் 240 பெட்டரி. பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பெட்டரி பாதி நிகழ்ச்சியில் இறங்கிவிடும், அல்கலைன் தான் வேண்டும். 2000 மில்லி அம்பியர் நிக்கல் சார்ஜ் பெட்டரி எட்டும் நல்ல சார்ஜரும் முதலிலேயே வாங்கினால் ஒரு பருவத்துக்குள் காசு திரும்பிவிடும். அவை 1.2 வோல்ற் என்பதால் மைக்கில் உள்ள பெட்டரிக் கோடு முன்கூட்டியே குறைவாகக் காட்டலாம். கோட்டைப் பார்க்காமல், இடைவேளையில் மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதும் செலவுதான். வயர் மைக் விழுந்தால் வலை நெளியும், வலை மாற்றலாம். வயர்லெஸ் விழுந்தால் உள்ளே இருக்கும் போர்ட்டில் வெடிப்பு விழும், பெட்டரி மூடி உடையும், கொழும்புக்குப் போகும்.

*வைக்கும் விதம்.* ரிசீவரை மிக்சருக்குப் பக்கத்தில் சனத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். மனித உடம்பு இந்த அலையை உறிஞ்சும். மேடை ஓரத்தில், தலைக்கு மேல் உயரத்தில், ஏரியல் இரண்டும் 'வி' வடிவில், எல்.ஈ.டி. விளக்குகளில் இருந்து தள்ளி. மைக்கும் ரிசீவரும் மூன்று மீற்றருக்குக் கிட்ட வரவும் கூடாது. பாடகர் மைக்கின் அடிமுனையைப் பொத்திப் பிடித்தால், பல மொடல்களில் ஏரியல் அங்கேதான் இருக்கிறது, அலை அறுபடும்.

*எப்போது இதுவே சரி:* மேடைவிட்டு இறங்கிப் பாடும் முதன்மைப் பாடகருக்கு ஒன்று. கலியாண வீட்டு அறிவிப்பாளருக்கு ஒன்று. ஊர்வலத்துக்கு. வயர் மைக் ஒன்று அதே சனலில் செருகத் தயாராகப் பக்கத்தில் இருக்கும் வரை மட்டும்.

ஹெட்செட்டும் கொன்டென்சரும்

சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இசைக்குழு ஒன்றுக்கு இவை முதல் தெரிவாவது அரிது. மலிவு ஹெட்செட்டுகள் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்கும் வகை. மொனிட்டர் போட்ட உடனேயே கூவத் தொடங்கும். காது ஓரமாக இறங்கும் வியர்வை மெல்லிய வயரின் அடியில் தங்கி, ஒரு பருவத்தில் அறுக்கும். கொன்டென்சர் மைக்குக்கு மிக்சரில் இருந்து 48 வோல்ற் வேண்டும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரலாம், ஈரம் அதன் உள் மின்னேற்றத்தைக் கசியவிடுவதால்.

கூத்துக்கு நிலை வேறு. வட்டக்களரியில் சுற்றி ஆடும் கூத்தரின் கையில் மைக்கைக் கொடுக்க முடியாது. அங்கே ஹெட்செட்டுக்கு இடம் உண்டு, ஆனால் கார்டியொயிட் வகை பார்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் சதங்கையும் மத்தளமும் வசனத்தை மூடிவிடும். எல்லாக் கூத்தருக்கும் மாட்டத் தேவையில்லை. அண்ணாவியாரின் மத்தளத்துக்கு ஒரு டைனமிக், பிற்பாட்டுக்கு இரண்டு, முக்கிய பாத்திரங்களுக்கு மட்டும் ஹெட்செட். களரியில் மொனிட்டர் போடாமல் இருப்பதே பாதி வெற்றி.

வாடகைக்காரரின் மைக்கையே நம்புவது

செலவு சுழியம், சுமை சுழியம். நல்ல சவுண்ட்காரர் நல்ல மைக் வைத்திருப்பார், அப்படி ஒருவர் உங்களுக்கு நிரந்தரமாகக் கிடைத்தால் சொந்தமாக வாங்க அவசரமே இல்லை. ஆனால் சவுண்ட்காரரைத் தெரிவு செய்வது பெரும்பாலும் நீங்களல்ல, கோயில் நிர்வாகமோ கலியாண வீட்டாரோதான். காலையில் அன்னதான அறிவிப்புக்கும் மத்தியானம் பேச்சுக்கும் ஊதித் தட்டிப் பாவித்த அதே மைக் இரவு உங்கள் பாடகிக்கு வரும். ஒவ்வொரு மேடையிலும் வேறு மைக் என்றால், எவ்வளவு அருகில் பாட வேண்டும் என்ற பழக்கமும் பாடகருக்குப் படியாது. ஒரே மைக்கில் ஆறு மாதம் பாடியவருக்கு அந்தத் தூரம் கையிலேயே வந்துவிடும், இதைப் பணத்தால் வாங்க முடியாது. ஒருவர் உதட்டில் பட்டது இன்னொருவர் உதட்டுக்கு வரும் சுகாதாரக் குறையும் இருக்கிறது.

ஒரே பார்வையில்

| | வயர் டைனமிக் | வயர்லெஸ் கை மைக் | ஹெட்செட் | வாடகை மைக் |
|---|---|---|---|---|
| கூவாமல் எடுக்கும் சத்தம் | நல்லது | அதே தலை என்றால் அதே அளவு | குறைவு | தெரியாது |
| கரண்ட் போய் வந்தால் | உடனே தயார் | ரிசீவர் மறுபடி ஏற வேண்டும் | ரிசீவர் மறுபடி ஏற வேண்டும் | வகையைப் பொறுத்தது |
| உப்பு, வியர்வை | தாங்கும் | பெட்டரி முனை கறுக்கும் | மெல்லிய வயர் அறும் | உங்கள் கவலை இல்லை |
| திருத்தும் இடம் | உள்ளூர் | பெரும்பாலும் கொழும்பு | பெரும்பாலும் மாற்ற வேண்டும் | உங்கள் கவலை இல்லை |
| மறைந்த செலவு | வயர், ஸ்டாண்ட் | பெட்டரி, உபரி வயர் மைக் | பெட்டரி, உபரி ஹெட்செட் | பாடகரின் பழக்கம் |
| அசைந்து பாட | வயர் நீளம் வரை | தாராளம் | கையும் விடுபடும் | வகையைப் பொறுத்தது |

பெட்டிகள்: வாடகையா, சொந்தமா?

மைதானத்துக்குச் சொந்தப் பெட்டி என்ற ஆசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் போகும். பெட்டிக்கு 1 மீற்றரில் 120 டெசிபல் வந்தால், 32 மீற்றரில் நிற்பவருக்கு 90தான். அதிலும் அடித்தொனியைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் எதுவும் இல்லை. கோயில் வீதி முழுக்க நிற்கும் சனத்துக்கு 12 அங்குலப் பெட்டி இரண்டு எதையும் செய்யாது. அடித்தொனிக்குச் சப் பெட்டிகள், அதற்கு அம்ப், அதற்குப் போதிய ஜெனரேட்டர், ஏற்ற ஒரு பட்டா வாகனம், தூக்க நாலு பேர், மாரியில் நனையாத ஒரு அறை என்று சங்கிலி நீளும்.

திரும்பக் கிடைக்கும் நாளைக் கண்டுபிடிக்கும் வழி இது. பெட்டிகளின் மொத்த விலையை, ஒரு நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் வாடகைக்கும் சொந்தத்தில் போனால் ஆகும் வாகனம், தூக்குக்கூலிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். உதாரணத்துக்கு, பெட்டி 9 இலட்சம் ரூபா, வாடகை 30,000, சொந்தச் செலவு 12,000 என்று வைத்தால், 9,00,000 ÷ 18,000 = 50 நிகழ்ச்சி. இதில் திருத்தச் செலவு சேரவில்லை. சவுண்ட் செலவை அழைக்கிறவரே கொடுக்கும் நிகழ்ச்சிகளை இந்த 50இல் எண்ணவே கூடாது, அங்கே உங்களுக்கு மிச்சம் எதுவுமில்லை. இப்படி எண்ணினால் பல குழுக்களுக்கு ஐந்து வருடம் தாண்டும்.

சிறிய ஏற்பாட்டின் கணக்கு வேறு. உள்ளே அம்ப் வைத்த 12 அங்குல அக்டிவ் பெட்டி இரண்டு, கம்பத் தாங்கி இரண்டு, எபெக்ட் உள்ள 8 சனல் மிக்சர் ஒன்று. ஒரு காரின் பின்சீட்டில் அடங்கும். நூறு, நூற்றைம்பது பேர் இருக்கும் பிறந்தநாள், ஹோட்டல் மண்டபம், தேவாலய ஆராதனை எல்லாவற்றுக்கும் போதும். ஒத்திகையும் அதிலேயே நடக்கும், பெரிய மேடையில் அதுவே மொனிட்டராகவும் நிற்கும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் இரண்டு மூன்று பேராக வாசிக்கும் குழுவுக்கு, வயர் மைக்குக்கு அடுத்த செலவு வயர்லெஸ் அல்ல, இதுதான்.

கம்பத்தை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றி, பெட்டி இரண்டையும் மைக் வரிசைக்கு முன்னால் வையுங்கள். மைக்குக்குப் பின்னால் பெட்டி நின்றால் எந்த விலை மைக்கும் காப்பாற்றாது. மின்விளக்கு அலங்காரக்காரரின் ஜெனரேட்டரில் இருந்து லைன் எடுக்காமல் தனியாகக் கேளுங்கள். டிஜிட்டல் மிக்சர் என்றால் கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றை அதற்கு மட்டும் வையுங்கள், கரண்ட் வெட்டி வந்தால் அது மறுபடி எழும்பும் வரை மேடை ஊமையாக நிற்கும்.

சொந்தப் பெட்டி என்றால் ஒலிபெருக்கி அனுமதியையும் யார் எடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். அது பொலிஸில் எடுப்பது. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி இல்லை, விசேட நிகழ்வுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். 10 மணிக்கு நிறுத்த வேண்டிய மேடையில், கூவும் மைக்கோடு மல்லுக்கட்டிப் போகும் அரை மணித்தியாலம் நாலு ஐந்து பாட்டு.

எந்தக் குழு எந்த வரிசையில் வாங்குவது

கலியாணம், திருவிழா இரண்டுக்கும் போகும் ஐந்தாறு பேர் குழு: குரலுக்குக் கார்டியொயிட் டைனமிக் இரண்டு, பின்பாட்டுக்கு மலிவு வகை ஒன்று, எக்ஸ்.எல்.ஆர். வயர் ஐந்து, ஸ்டாண்ட் மூன்று, டி.ஐ. பொக்ஸ் இரண்டு. அடுத்த பருவத்தில் நல்ல வயர்லெஸ் ஒன்று. பெட்டி வாடகை.

ஹோட்டல் இருவர்-மூவர் குழு: டைனமிக் இரண்டு, பிறகு நேரே அக்டிவ் பெட்டி இரண்டும் மிக்சரும்.

தேவாலயப் பாடகர் குழு: மண்டபத்துக்கு நிரந்தரப் பெட்டி ஏற்கனவே இருக்கும். தனிக் குரலுக்கு ஒன்று, கோரஸில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்று. ஒரு மைக்குக்கும் அதைப் பாடுபவருக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக்கை வையுங்கள், இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் ஏறி ஓட்டைக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். போதகருக்கு வயர்லெஸ் ஒன்று.

நிகழ்ச்சியைக் கொண்டுசெல்லும் அறிவிப்பாளரே நட்சத்திரமாக இருக்கும் குழு: இங்கே மட்டும் வரிசை தலைகீழ். அலைவரிசை மாற்றக்கூடிய வயர்லெஸ் முதலில்.

சொந்த மைக்கோடு வாடகை மேடைக்குப் போகும்போது

ஒரு நாள் முன்னதாகச் சவுண்ட்காரருக்கு அழைத்து நான்கு விடயம் கேளுங்கள்: மிக்சரில் எத்தனை எக்ஸ்.எல்.ஆர். சனல் காலியாக இருக்கும், மேடைக்கும் மிக்சருக்கும் இடையில் மல்ட்டிகோர் வயர் (பல சனல்களை ஒன்றாகக் கொண்டுபோகும் வயர்) இருக்கிறதா, மொனிட்டர் எத்தனை, லைன் எங்கிருந்து வருகிறது. எந்தச் சனலில் எது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினால் அவர் நேரமும் உங்கள் நேரமும் மிச்சம். உங்கள் மைக், வயர் ஒவ்வொன்றிலும் குழுவின் நிறத்தில் டேப் சுற்றுங்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு இருட்டில் வயர் சுற்றும்போது எது யாருடையது என்ற பேச்சே வராது.

மேடையில் முதல் வேலை, ஒரு மைக்கை மட்டும் திறந்து, மொனிட்டரை மெதுவாக ஏற்றி, கூவத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில், கூவும் தொனிக்குரிய கோட்டை 3 டெசிபல் இறக்கி, மொனிட்டரை மறுபடி ஏற்றுங்கள். மூன்று கோட்டுக்கு மேல் இறக்க வேண்டி வந்தால் ஈக்குவலைசரை விட்டுவிட்டு மொனிட்டரை நகர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு மைக்காகத் திறந்து, எல்லாம் திறந்த நிலையில் கூவும் எல்லைக்கு 6 டெசிபல் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். சனம் வந்து நிறைந்ததும் பெட்டியின் சத்தம் இன்னும் கொஞ்சம் உறிஞ்சப்படும், பாடகரும் உணர்ச்சியில் மைக்கை விட்டு விலகுவார், அப்போது இந்த 6 டெசிபல் கைகொடுக்கும்.

பேச்சாளர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும் சவுண்ட்காரரின் மைக் ஒன்றைத் தனிச் சனலில் மேடை ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் பாடகியின் மைக்கை ஊதிப் பார்க்கவும் தட்டிப் பார்க்கவும் யாருக்கும் தேவை வராது.